ராமசுப்பு வீட்டில் நின்ற தண்ணீர்

1996 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை, கோவில்பட்டி ராமசுப்பு வீட்டு மீன்தொட்டியின் நான்கு பக்கக் கண்ணாடிகளும் கழன்று விழுந்து நொறுங்கின. தண்ணீர் விழவில்லை. மேசைமேல் மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம், இருந்தபடியே நின்றது. தங்கமீன்கள் ஐந்தும் ஓரம்வரை வந்து, வாயை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டன. தொட்டியைச் செய்து கொடுத்தவர் படங்களுக்குச் சட்டம் போடும் தவசி. தண்ணீர் தாங்காத, ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்குப் பசையை வைத்து ஒட்டியிருந்தார். தப்பை ஒப்புக்கொண்டு புதுக் கண்ணாடியும் கையுமாக ஓடிவந்தவரை, "நிக்கிறதைத் தொட்டுக் கெடுத்திராதேயும்" என்று ராமசுப்பு வாசலோடு திருப்பி அனுப்பினார். மீன்களை வாளிக்கு மாற்றினால் துள்ளிப் பழைய இடத்துக்கே போயின. தெருவே நாலு நாள் வந்து பார்த்தது. ஐந்தாம் நாள் உளுந்து விலை ஏறவும் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

ராமசுப்புவால்தான் போக முடியவில்லை. அந்த மீன்கள் மகள் ஜெயப்பிரியா வாங்கி வளர்த்தவை. கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போகிற அன்று, "பத்திரமாப் பாத்துக்கிடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் கார் ஏறினாள். கண்ணாடி விழுந்த மூன்றாம் நாள் அவர் தும்மினார். கண் மூடிய அந்த நேரம் பார்த்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. தாம் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது என்று அன்றே முடிவு கட்டிவிட்டார். தம்முடைய தீப்பெட்டி ஆபீஸை வீட்டிலிருந்தபடியே போனில் நடத்தினார். சாப்பாட்டில் பாதியில் எழுவார், தட்டோடு வந்து தொட்டி முன்னால் நிற்பார், உட்கார்ந்தால் கால் ஆடும். குளிக்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொள்வார். இரவிலும் நாற்காலிதான். தாம் தூங்குவதே இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ஜானகியம்மாளுக்கு இந்தத் தவிப்பெல்லாம் கிடையாது. நகராட்சித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வந்தாலும், மீனுக்கென்று ரெண்டு குடம் பிடித்து, மருந்து வாடை போகத் திறந்தே வைத்திருப்பாள். சனிக்கிழமைதோறும் ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி மூன்றில் ஒரு பங்கை வாளிக்கு இறக்குவாள். கூழாங்கற்களின் இடுக்கில் கிடக்கும் கசடும் அதோடு வந்துவிடும். காற்று மோட்டாரின் பஞ்சை அந்த அழுக்குத் தண்ணீரிலேயே அலசுவாள். குழாய்த் தண்ணீரில் அலசினால் மீன் சீக்கில் விழும் என்பது அவள் கண்டது. தண்ணீர் அளவாக இறங்கும், ஊற்ற ஊற்ற அளவாக ஏறும். கண்ணாடி இல்லாததால் பாசி துடைக்கிற வேலை மிச்சம் என்று அவளுக்குச் சந்தோஷம்.

பேத்தி ப்ரியதர்ஷினி பிறந்து ஐந்து வருஷமாகியும் காது குத்தவில்லை. மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில்தான் குத்த வேண்டும். ஜெயப்பிரியாவுக்கு உடன்பிறந்தவன் இல்லை. மடியில் உட்கார வைக்கத் தாத்தாதான் வர வேண்டும். மூன்று தடவை நாள் குறித்து மூன்றையும் ராமசுப்பு தள்ளிப்போட்டார். 2002 தை மாதம் போன் வந்தது. "எம்பிள்ளையப் பாத்து இங்கன எல்லாரும் சிரிக்காங்கப்பா. ஒங்களுக்கு அவ வேணுமா, மீனு வேணுமா? இப்பவும் வரலைன்னா நா அங்கன வாரதுக்கே இல்ல."

வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். பஸ் சாத்தூர் தாண்டுவதற்குள் இரண்டு தடவை இறங்கப் பார்த்தார்; ஜானகியம்மாள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். கோயிலில் ஊசி இறங்கியபோது பேத்தி அவர் சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளோடு சேர்ந்து அவரும் அழுதார். அந்த நேரம் தண்ணீரின் நினைப்பே வரவில்லை என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது.

நாலாம் நாள் கதவைத் திறந்தார்கள். தரை காய்ந்து கிடந்தது. தண்ணீர் நின்றது. மீன்கள் பசியில் ஓரத்துக்கு வந்து வாயைத் திறந்தன. ராமசுப்பு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நா இல்லாமலே நின்னிருக்கே."

"அஞ்சு வருஷமா இந்த நாற்காலியில குறட்டை விட்டது யாருன்னு நெனைக்கீங்க? அப்ப யாரு பாத்தா?"

அவருக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. "இதை முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்," என்றாள் ஜானகியம்மாள், தீனியைத் தூவிக்கொண்டே. "நீங்க தண்ணியைப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

அடுத்த மாதமே பேத்தியைப் பார்க்க மறுபடி பஸ் ஏறினார். பூட்டும்போது உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு நின்றது.