மேல்வீடு காலி

முப்பத்தெட்டு நாட்களாக இளையவளின் கண்ணுக்கு மேல்வீட்டுத் தையல்காரி தெரியவில்லை. மற்றதெல்லாம் தெரிந்தது. படியில் தையல்காரி எதிரே வந்தால் அவள் தோளில் மாட்டிய துணிப்பை தெரிந்தது, பையிலிருந்து எட்டிப்பார்த்த அளவு நாடா தெரிந்தது, ஆள் தெரியவில்லை. மூத்தவள் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கும் வேலையில் இருந்ததால், ஒரு மதியம் தங்கையைக் கடைக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். கடைசி வரியில் எறும்பு மாதிரி இருக்கும் எழுத்துகளைக்கூட இளையவள் தடுமாறாமல் படித்தாள். பிறகு எழுத்துப் பலகையைக் கழற்றி, கூடவே அழைத்துவந்திருந்த தையல்காரியின் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள் மூத்தவள். "பலகை ஏன்க்கா அந்தரத்துல தொங்குது? கடையில ஆணி கீணி இல்லையா?" என்று கேட்டாள் இளையவள். "எனக்குக் கை வலிக்குது, சீக்கிரம் படிக்கச் சொல்லும்மா" என்றாள் தையல்காரி. இரண்டு கண்களிலும் குறை இல்லை என்று மூத்தவள் சீட்டில் எழுதினாள்.

இது குழந்தை பிறந்ததில் ஆரம்பித்தது. இளையவளின் கணவன் லாரி ஓட்டுபவன். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். குழந்தை அழும், கூடவே அவளும் அழுவாள். அப்போதுதான் கைபேசியில் 'தூங்காத அம்மாக்கள்' என்ற குழுவில் சேர்ந்தாள். வயிற்று உப்புசம், பால்கட்டு, பல் முளைக்கும்போது வரும் காய்ச்சல் என்று பேசிக்கொள்ளும் குழு. புதிதாக வருகிறவளுக்கு ஒரு தோழியை ஒதுக்குவது அவர்கள் வழக்கம். முதல் ஆறு மாதம் தோழி வேறெதுவும் பேசக் கூடாது. சாப்பிட்டியா, குளிச்சியா என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வீட்டிலும் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள், ஆனால் யாரும் பதிலுக்கு நிற்கவில்லை. இளையவளின் அழுகை நின்றது. "இப்பதான் வீடு வீடா இருக்கு" என்று கணவன் அவளுக்குப் பெரிய டேட்டா பேக் போட்டுக்கொடுத்தான். பால் கொடுத்துக்கொண்டே பார்க்க வசதியாகக் கைபேசிக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கி வந்தவள் மூத்தவள்.

ஏழாம் மாதம் தோழி, பிரசவத்தன்று ஆஸ்பத்திரியில் உனக்கு ஏன் கட்டில் கிடைக்கவில்லை என்று கேட்டாள். எட்டாம் மாதம் பதிலையும் அவளே சொன்னாள்: ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து படுத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் மாதம், அந்தப் பக்கத்தில் பிறந்து இருபது வருடமாக மேல்வீட்டில் குடியிருந்த தையல்காரி மறைந்துபோனாள். மறைந்த பிறகும் அவள் வழக்கம்போல இறங்கி வந்து குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தை காற்றில் ஆடியாடித் தூங்குவதை இளையவள் படமெடுத்துக் குழுவில் போட்டாள். அங்கேயும் எவருக்கும் தையல்காரி தெரியவில்லை. கொடுத்துவைத்த பிள்ளை என்று நானூறு பேர் எழுதினார்கள்.

அடுத்த வருடம் அதே அந்தப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் பெண்களின் கண்ணிலிருந்து மறைந்தார், பிறகு பஸ் நடத்துநர். பெண்கள் காற்றில் காசை நீட்டினார்கள். காற்றிலிருந்து டிக்கெட் வந்தது. அதே குறையோடு கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள் பெருகியதால் முதலாளி அந்தச் சோதனைக்குத் தனிக் கட்டணம் வைத்தார், இரண்டு பேராக வந்தால் தள்ளுபடி. கண்ணாடி மட்டும் செய்துகொடுக்க முடியவில்லை. மறைந்தவர்கள் இடிபடாமல் சுவரோரமாக நடக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தத் தையல்காரியை இன்னும் குடிவைத்திருக்கிறீர்களே என்று யாரோ கேட்டதற்கு, "வாடகை கண்ணுக்குத் தெரியுது, எனக்கு அது போதும்" என்றார் வீட்டுக்காரர். இளையவள் அதற்குள் தானே தோழி ஆகியிருந்தாள். பதினோரு பெண்கள் அவள் பொறுப்பில் இருந்தார்கள். அவள் அந்த வேலையில் கெட்டிக்காரி; பதிலுக்குக் காத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும்.

"உன் பிள்ளையத் தூக்கி வளக்கறது டெய்லரக்காடி" என்றாள் மூத்தவள்.

"யாரு? மேல்வீடு காலியாத்தானே இருக்கு."

"காலி வீட்ல யாருடி மிஷின் ஓட்டுறா?"

"அதான்க்கா நானும் கேக்கறேன்" என்று இளையவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு. குழந்தை பிறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து மூத்தவள் பார்த்ததில்லை.

மூன்றாம் வருடம், காலி வீடுகளைச் சுத்தம் செய்வதென்று குழு தீர்மானித்தது. ஒரே மதியம் ஊரில் ஒன்பது வீடுகள் எரிந்தன. பெண்கள் குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, தலையைப் பின்னி முடித்து, மண்ணெண்ணெய் கேனோடு வந்திருந்தார்கள். மேல்வீட்டில் தையல்காரி கதவருகில் கிடந்தாள். கதவு வெளியே தாழிடப்பட்டிருந்தது. பிடிபட்டவர்கள் எல்லோரும் வீடு காலியாக இருந்தது என்றே சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்று டாக்டர்கள் சான்று கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆளைக் கொல்ல நினைத்திருக்க முடியாது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டு, எட்டு வழக்குகளில் பெண்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் போய்ச் சமைத்தார்கள்.

ஒன்பதாவது வழக்கு இளையவளுடையது. கண்ணைப் பரிசோதித்தவள் என்ற முறையில் மூத்தவளைச் சாட்சிக்கு அழைத்தார்கள். தங்கைக்குத் தையல்காரி தெரியவில்லை என்று ஒரு வாக்கியம் போதும் என்றார் வக்கீல். "நீங்களே சோதிச்சுப் பாத்ததுதானேக்கா. பிள்ளைக்கு அம்மா வேணும்" என்றான் லாரிக்காரன். மடியில் இருந்த குழந்தை காற்றை நோக்கிக் கைகளை நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தூக்க யாரும் வரவில்லை. பிள்ளைக்கு அம்மா வேண்டும் என்பதில் மூத்தவளுக்கும் சந்தேகமில்லை. ஆனால் வீடு எரிந்த நாளின் காலை ஒன்று அவளிடம் இருந்தது. ஏழு மாதமாக அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானேகூட முழுசாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் கூண்டில் ஏறினாள். தங்கை முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தாள். மூத்தவள் வக்கீலை விட்டுவிட்டு நீதிபதியின் பக்கம் திரும்பியதும், தங்கையின் பார்வை அவளை ஊடுருவிப் பின்னால் இருந்த சுவரில் போய் நின்றது. "சாட்சி இன்னும் வரலையா?" என்று பக்கத்திலிருந்த பெண் காவலரிடம் கேட்டாள். தொழில் தெரிந்தவள் என்பதால் மூத்தவளுக்கு வேறு சோதனை தேவைப்படவில்லை. இனி அப்படித்தான் என்று புரிந்துகொண்டு, கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அன்னிக்குக் காலைல நான் படிக்கட்டுல நின்னுட்டிருந்தேன். என் தங்கச்சி மேல போய் டெய்லரக்கா கையிலேர்ந்து பிள்ளைய வாங்கினா. அவங்க கண்ணைப் பாத்துக் கேட்டா, 'மத்தியானம் வீட்லதானேக்கா இருப்பீங்க?'ன்னு."