ஓரெழுத்துகூட மாறாத தாள்கள்

ரிஃப்கி பதினோரு வருஷத்துக்கு முன்னால் நிர்வாகவியலில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பெயர் பதிந்தார். பட்டம் இன்னும் வரவில்லை. ஆனால் பதிந்த மறுநாளே அவர் மேசையில் 'டாக்டர் ரிஃப்கி' என்ற பித்தளைப் பலகை வந்து உட்கார்ந்துவிட்டது. எகிப்தின் தமன்ஹூர் நகரத்து மனநல நோயாளர் பதிவேட்டு அலுவலகத்தில் அவரை டாக்டர் என்று கூப்பிடாதவர் கிடையாது. ஷாஹிந்தாவும் அப்படித்தான் கூப்பிடுவாள். கூப்பிடும்போதெல்லாம் கெட்டுப்போன பாதாமைக் கடித்ததுபோல வாய் கசக்கும்.

அன்று ஜூன் இருபத்தேழு. முப்பதாம் தேதியோடு நிதியாண்டு முடிகிறது; அதற்குள் சரக்கைப் பெற்றுக்கொண்டதாகக் காகிதம் போகாவிட்டால் ஒதுக்கிய பணம் கெய்ரோவுக்கே திரும்பிவிடும். அதனால் பதினொன்றரை மாதம் குறட்டை விட்ட அலுவலகம் கடைசி வாரத்தில் மட்டும் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. நடைபாதை முழுக்க அட்டைப் பெட்டிகள். உள்ளே இருநூற்று நாற்பது மடிக்கணினிகள், வீடு வீடாகப் போகும் நர்ஸுகளுக்காக. யார் யாருக்கு என்ன மாத்திரை, யாருக்கு எந்த மாதம் மனம் கலங்குகிறது என்பதெல்லாம் அதற்குள் இருக்கப் போகிறது. அதனால் ஒவ்வொன்றிலும் பாதுகாப்புச் சில்லு ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. கணினியின் வன்வட்டைப் பூட்டும் சாவி அந்தச் சில்லுக்குள்தான் இருக்கும். நர்ஸ் மினிபஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு இறங்கினாலும், எடுத்தவனுக்கு அது வெறும் தகரம். சில்லு இல்லையென்றால் தெருவே உட்கார்ந்து படிக்கலாம்.

சரக்கைப் பரிசோதித்துப் பெற்றுக்கொள்ள மூன்று பேர் கமிட்டி. முதல் கையெழுத்து தலைவர் ரிஃப்கி. இரண்டாவது கிடங்குக்காரர் பஸ்யூனி. கடைசிக் கையெழுத்து தொழில்நுட்ப உறுப்பினர், அதாவது ஷாஹிந்தா. கடைசியில் வைத்திருப்பது மரியாதைக்கு அல்ல. பின்னால் ஏதாவது நாறினால் 'தொழில்நுட்ப உறுப்பினர் யார்?' என்றுதான் விசாரணைக்காரன் கேட்பான். இதே நாற்காலியில் இருந்த ஸமீஹ், ஜெனரேட்டர் வாங்கியபோது கையெழுத்துப் போட்டார். ஜெனரேட்டர் ஒருநாள்கூட ஓடவில்லை. அன்றைய தலைவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஸமீஹ் மூன்று வருஷமாக விசாரணை அலுவலகத்தின் படியேறிக்கொண்டிருக்கிறார். பென்ஷனும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

இத்தனையும் தெரிந்தும் ஷாஹிந்தா நேற்று நாற்பது தாள்களில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

கம்பெனியிலிருந்து வந்திருந்த ஹாஸிம் இஸ்திரி கலையாத ஆள். வாக்கியத்துக்கு ஒரு 'உலகத் தரம்' சொல்வான். ஒவ்வொரு மடிக்கணினியிலும் நீலநிற பென் டிரைவ் ஒன்றைச் செருகி, கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளையைத் தட்டுவான். பச்சை எழுத்துகள் மழை மாதிரி ஓடி, கடைசியில் 'வெற்றி' என்று நிற்கும். உடனே அச்சு இயந்திரம் ஒரு தாளைத் துப்பும். ரிஃப்கி கையெழுத்துப் போட்டுக் அரசாங்கக் கழுகு முத்திரையை ஓங்கிக் குத்துவார். பஸ்யூனி போடுவார். பிறகு ஷாஹிந்தாவிடம் வரும். காற்றாடி ஓடவில்லை. மகளுக்குப் பொதுத்தேர்வு. மூன்று மணிக்குள் வீடு சேர வேண்டும் என்ற நினைப்பிலேயே அவள் பேனா ஓடியது. ஓடிய தாள்கள் நாற்பதும் இப்போது ரிஃப்கியின் இரும்பு அலமாரிக்குள்.

இன்று காலை அவள் கண்ணைத் திறந்துவிட்டது ரிஃப்கியேதான். மேலதிகாரியிடம் தொலைபேசியில் குழைந்துகொண்டிருந்தார்.

"பாஷா, நாற்பது முடிச்சாச்சு. மெஷின் நம்பரத் தவிர ஒன்னுக்கொன்னு ஓரெழுத்துகூட மாறல பாஷா! ஒட்டி வச்சுப் பாத்தேன். மேல இருந்து கீழ வரைக்கும் அச்சு அசல். இப்படிப் பொருந்தற சரக்க என் சர்வீஸ்ல பாத்ததில்ல!"

ஷாஹிந்தாவின் கையில் தேநீர்க் குவளை அப்படியே நின்றது.

ஓரெழுத்துகூட மாறவில்லையா?

சில்லு ஒவ்வொன்றும் தொழிற்சாலையில் தனக்கென்று ஒரு சாவியோடு பிறக்கிறது. உலகத்தில் இரண்டு சில்லுக்கு ஒரே சாவி கிடையாது. தாளின் நடுவில் இரண்டு வரிக்கு நீளும் எண் அந்தச் சாவியின் அடையாளம். அது தாளுக்குத் தாள் மாறித்தான் ஆக வேண்டும். நாற்பது பேரின் கைரேகையை எடுத்து, எல்லாம் ஒரே ரேகை என்று அந்த ஆள் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறார்! அதைவிடக் கேவலம், அந்த நாற்பதையும் பார்த்தும் பார்க்காமல் நாமும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

ஹாஸிம் பெட்டிகளை எண்ண வெளியே போயிருந்தான். நாற்பத்தொன்றாவது மடிக்கணினி பென் டிரைவோடு மேசைமேல் திறந்து கிடந்தது. ஷாஹிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்தக் கட்டளை எந்தச் சில்லோடு பேசுகிறது என்று அந்தக் கறுப்புத் திரையிடமே கேட்டாள். பதில் இரண்டு நொடியில் வந்தது. கணினியின் சில்லோடு அல்ல. பென் டிரைவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், நிரலாக எழுதப்பட்ட போலிச் சில்லோடு. நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் மேசையில் சோதித்துப் பார்க்க வைத்துக்கொள்வது அது. அதை மாற்றாமலே எடுத்து வந்திருக்கிறான். மறதியோ தந்திரமோ, இரண்டில் எதுவானாலும் அவனுக்குக் குறைவில்லை. பென் டிரைவ் தன்னைத்தானே கேள்வி கேட்டு, தனக்குத்தானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டிருந்தது.

அவள் அந்த அமைப்பை மாற்றி, உண்மையான சில்லைத் தேடச் சொல்லி மறுபடி தட்டினாள்.

'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்றது திரை. உள்ளமைப்புப் பக்கத்துக்குள்ளும் போய்த் தேடினாள். அங்கும் சில்லு என்ற பேச்சே இல்லை.

"டாக்டர், இதுல சில்லு இல்ல" என்றாள். "நேத்துப் பாத்த நாற்பதும் பொய். அந்தத் தாள்களைக் குடுங்க, ரத்து பண்ணிட்டு மறுபடி சோதிக்கணும்."

ரிஃப்கி தஅமியா வடை வைத்த ரொட்டியைக் கடித்தபடி திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன இஞ்சினியரம்மா, ஹாஸிம் தட்டினா வெற்றின்னு வருது, நீங்க தட்டினா இல்லைன்னு வருதா? அப்ப கோளாறு எங்க இருக்குன்னு நான் வேற சொல்லணுமா?"

"பென் டிரைவ் தன்னையே சோதிச்சுக்குது டாக்டர். எந்த மெஷின்ல செருகினாலும் வெற்றின்னுதான் வரும்."

"நல்லதுதானே! கஷ்டமில்லாம பாஸாகுது." வாயைத் துடைத்துக்கொண்டார். "முத்திரை விழுந்த தாள் அந்த அலமாரிய விட்டு வெளிய போனதா சரித்திரமே இல்ல. உங்க கையெழுத்து நீங்க போட்டதுதானே? யாராவது கையப் பிடிச்சு எழுதினாங்களா?"

அதற்குள் ஹாஸிம் திரும்பி வந்துவிட்டான். "மடாம், இது உலகத் தரமான சோதனை. துபாய்ல இதேதான் பண்றாங்க."

"துபாய்ல யாருப்பா, உன் மச்சானா?" என்றாள் ஷாஹிந்தா.

பஸ்யூனி தாடையைச் சொறிவதுபோல வாயை மறைத்துச் சிரித்தார். அறுபதைத் தொடப்போகிற மனுஷர், அலுவலகத்துக்கே சித்தப்பா. கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு நாற்காலியும் யார் பேரில், எந்த வருஷத்திலிருந்து பதிவாகியிருக்கிறது என்பதைத் தூக்கத்திலும் சொல்வார். அலுவலகத்திலேயே எழுத்தைப் படிக்கிற ஒரே ஆள் அவர்தான் என்பது ஷாஹிந்தாவின் கட்சி.

அவள் எழுந்து ரிஃப்கியின் மேசைக்குப் போனாள். அங்கே 2009இல் வந்த மேசைக் கணினி ஒன்று இருந்தது. அதில் அவர் சீட்டு விளையாடுவதைத் தவிர வேறு எதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை.

"இது சில்லு வைக்காத காலத்து மெஷின். சரியா ஹாஸிம்?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் இஸ்திரி கலைந்தது.

"மடாம், நேரமாகுது, அடுத்த பெட்டிய..."

"ஒரு நிமிஷம்." போலிச் சில்லைப் பழையபடியே மாற்றிவைத்து, பென் டிரைவை அந்தக் கிழட்டுக் கணினியில் செருகினாள். அவன் தட்டும் அதே கட்டளையைத் தட்டினாள். பச்சை மழை பெய்தது. அதே இரண்டு வரி எண். கீழே, வெற்றி.

"பாத்தீங்களா டாக்டர்? உங்க சீட்டு மெஷினும் பாஸ்."

ரிஃப்கியின் முகம் மலர்ந்தது. அவர் பட்டம் வாங்காததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது! "அட! என் மெஷின்லயும் சில்லு இருக்கா! அந்தக் காலத்துச் சரக்குன்னா சரக்குதான். ஏம்ப்பா ஹாஸிம், உங்க சோதனை நல்ல சோதனைப்பா."

அச்சு இயந்திரம் கடகடவென்று நாற்பத்தொன்றாவது தாளைத் துப்பியது. அச்சில் வந்த எதுவும் முத்திரை படாமல் அறையைத் தாண்டக்கூடாது என்பது ரிஃப்கி போட்ட சட்டம். சட்டத்தைவிடப் பழக்கம் பெரிது. அவர் கை தானாகப் போனது. கையெழுத்து, கழுகு முத்திரை, முத்திரைப் புத்தகத்தில் வரிசை எண் என்று மூன்றும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டன.

"இது உங்க மேசை மெஷின்தான் டாக்டர்" என்றாள் ஷாஹிந்தா, அவர் முத்திரையைக் குத்தும்போதே. அதையும் அவர் கேட்கவில்லை.

தாள் பஸ்யூனியிடம் போனது. அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, வழக்கம்போல மெஷின் எண்ணைப் பதிவேட்டில் ஏற்றப் போனார். பேனா நின்றது. எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய பதிவேடு ஒன்றை எடுத்துவந்து, எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"டாக்டர்" என்றார் மெதுவாக. "இந்த நம்பர் என் புத்தகத்துல இருக்கு. 2009ல இருந்து உங்க பொறுப்புல இருக்கற மெஷின்."

"அதான் தெரியுமே. அதனால என்ன சித்தப்பா?"

"தாள்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்கட்டுமா?" படித்தார். "'கீழ்க்கண்ட இயந்திரம் ஒப்பந்தக்காரரிடமிருந்து இன்று புதிதாகப் பெறப்பட்டு, சோதிக்கப்பட்டு, நிபந்தனைகளுக்கு முழுமையாகப் பொருந்துவதாகக் காணப்பட்டது.' கீழ உங்க கையெழுத்து. முத்திரை. அரசாங்கச் சொத்து வெளிய போய், கம்பெனிக்காரன் பெட்டியில புதுசா திரும்பி வந்திருக்குன்னு அர்த்தம். நான் இதுல கைவைக்க மாட்டேன். எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு மாசம் இருக்கு."

ரிஃப்கி மிச்ச ரொட்டியைக் கீழே வைத்தார். சில்லு, சாவி, போலி என்று எவ்வளவு சொன்னபோதும் ஏறாதது, 'உங்க பொறுப்பு' என்ற சொல்லில் ஒரே நொடியில் ஏறியது.

"கிழிச்சிடலாம்" என்றார்.

"முத்திரைப் புத்தகத்துல எண் ஏறிடுச்சே" என்றார் பஸ்யூனி.

"அப்ப இதை மட்டும் ரத்து பண்ணலாம்."

"பண்ணலாம் டாக்டர்" என்றாள் ஷாஹிந்தா. "காரணம் எழுதணும். 'சில்லு இல்லாத மெஷினுக்கும் இந்தச் சோதனை வெற்றின்னு சொல்லுது'ன்னு எழுதுங்க. எழுதிட்டா மத்த நாற்பது என்னாகும்னு நான் வேற சொல்லணுமா?"

அவர் சொன்ன அதே தொனியில் திருப்பிக் கொடுத்ததில் அவளுக்குப் பரம சந்தோஷம். மறைக்கவும் இல்லை.

ரிஃப்கி ஹாஸிமைத் திட்டினார். அவன் வம்சத்தைத் திட்டினார். துபாயைத் திட்டினார். ஹாஸிம் காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நழுவினான். மத்தியானத்துக்குள் ஷாஹிந்தா தன் கட்டளைகளால் பத்துப் பெட்டிகளைச் சோதித்தாள். மூன்றில்தான் சில்லு இருந்தது. மூன்றும் மூன்று வெவ்வேறு எண்ணைக் காட்டின. 'ஒன்னொன்னும் ஒவ்வொன்னு சொல்லுதே, இதுல எது சரி?' என்று ரிஃப்கி கேட்டார். இந்த ஆளுக்குப் பதில் சொல்வதற்கு அச்சு இயந்திரத்திடம் பேசலாம்.

ஜூன் முப்பது வரும், பணம் கெய்ரோவுக்குப் போகும், நர்ஸுகள் இன்னொரு வருஷம் நோட்டுப் புத்தகத்தோடு அலைவார்கள். அது அவளுக்கு வலித்தது. ஆனால் நோயாளிகளின் பதிவேடு மொத்தமும் பூட்டில்லாமல் மினிபஸ்ஸில் கிடக்கப் போவதில்லை.

இரண்டு மணிக்கு ரிஃப்கி இரும்பு அலமாரியைத் திறந்தார். முத்திரை விழுந்த தாள்கள் சரித்திரத்தில் முதல்முறையாக வெளியே வந்தன. ரத்து என்றால் தாளின் குறுக்கே சிவப்பு மையில் அளவுகோல் வைத்து ஒரு கோடு, கோட்டின் மேல் மூன்று பேர் கையெழுத்து. ரிஃப்கி முதலில் போட்டார். முகம் வெந்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. பஸ்யூனி போட்டார். கடைசியில் கட்டு ஷாஹிந்தாவிடம் வந்தது. இன்றைக்கு மட்டும் கடைசி இடம் அவளுக்கு இனித்தது.

முதல் தாளில் போட்டாள். இரண்டாவதில் போட்டாள். பிறகு நிறுத்தி, எல்லாவற்றையும் சீட்டுக்கட்டுபோல விரித்துப் பார்த்தாள்.

நடுவில் அதே இரண்டு வரி எண், நாற்பது தடவை. அதன் கீழே அவளுடைய நேற்றைய கையெழுத்து, நாற்பது தடவை. அதே சாய்வு, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் கடைசி எழுத்தை இழுத்து விட்ட அதே வால். ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் வித்தியாசம் தெரியாது. இந்த எண்ணை நாற்பது முறை தாண்டித்தான் அவள் பேனா கீழே போயிருக்கிறது.

ரிஃப்கி தலையைத் தூக்கினார். "என்ன இஞ்சினியரம்மா, அப்படிப் பாக்கறீங்க? இன்னும் ஏதாவது தப்பா?"

அவளுக்குக் காது சுட்டது.

"இல்ல டாக்டர்" என்றாள். "எல்லாம் பொருந்துது."