லம்பாம் குஞ்சுகள்

லோரியிலிருந்து கடைசிப் பையை இறக்கியபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. இருபது பிளாஸ்டிக் பைகள், ஒவ்வொன்றிலும் ஐந்நூறு லம்பாம் மீன்குஞ்சுகள். காற்றடைத்து, வாயைக் கட்டி, தஞ்சோங் காராங் மீன் பண்ணையிலிருந்து வெயிலில் வந்த பைகள். சின்னத்தாய் ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். “பாவம்டி, வெந்துரும் போல.”

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரே ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசையில் பிறந்தோம். அவள் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டு, பால்வாளி தூக்கப் போனாள். நான் விலங்கியல் படித்தேன். எங்கள் தோட்டத்தின் முதல் பட்டதாரி. எண்பத்தாறில் அந்தப் பட்டத்துக்குக் கிடைத்தது ஆறு மாதத் தற்காலிக வேலை. ஞாயிறுதோறும் பாலத்தடியில் நின்று தூண்டில்காரர்களின் கூடையில் மீனை எண்ண வேண்டும். பழைய பதிவில் ஒரு தூண்டிலுக்குப் பதினொன்று. நான் எண்ணியதில் இரண்டு. பல வாரம் அதுவும் இல்லை. மேலே இருக்கும் செம்பனை எண்ணெய் ஆலை ஆற்றில் கழிவைத் திறந்துவிடுவதையும் சேர்த்து முப்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

மீன் இலாகா அதிகாரி ஜக்கரியா முப்பது பக்கத்தையும் படித்தார். படித்துவிட்டு, குஞ்சுகளை எங்கே விடலாம் என்று சின்னத்தாயிடம் போய்க் கேட்டார். பாலுக்கு மரம் வெட்டி முடிந்த பிறகு ஆற்றில் மீனுக்குக் கூடை போடுகிறவள் அவள். எந்த வளைவில் கழிவு ஒதுங்கிப் போகும் என்று விரலால் காட்டினாள். அவர் வரைபடத்தில் பென்சிலால் திருத்தினார். என் வரைபடத்தில். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜனவரியில் ஆற்றுக் கண்காணிப்புக்கு நிரந்தரமாக ஒரே ஓர் ஆள் எடுக்கிறார்கள், இன்றைய வேலையைப் பார்த்துத்தான் பெயர் கொடுப்பேன் என்று எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார்.

காலையில் அவர் என்னிடம்தான் சொன்னார். பையை அவிழ்க்காமல் இருபது நிமிடம் ஆற்றில் மிதக்கவிட வேண்டும், உள்ளே இருக்கும் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், சின்னத்தாய்க்கும் சொல்லிவிடு என்று. பிறகு, குஞ்சு விடுவதைப் பார்க்க வரும் விருந்தாளிகளை அழைத்துவரக் காரில் போய்விட்டார். லோரியில் அவள் பக்கத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வந்தேன். சொல்லவில்லை.

ஆளுக்குப் பத்துப் பை. என் பத்தும் தண்ணீரில் மிதந்தன. அவள் பார்த்தாள்.

“ஒன்னோடத ஏன் தொறக்காம வச்சிருக்க?”

“விருந்தாளிங்க வரட்டும்னு.”

“இதுங்களுக்கு மூச்சு முட்டுதுடி. நான் தொறந்துறவா? நீ படிச்சவ, சொல்லு.”

“தொற லா.”

பத்துப் பையையும் ஒரே மூச்சில் அவிழ்த்துக் கவிழ்த்தாள். குஞ்சுகள் வெள்ளியாய்க் கொட்டின. சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒன்று மல்லாந்தது. பிறகு நாலைந்து. பிறகு அந்த ஓரம் முழுக்க வெள்ளை வயிறு. கைலியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒவ்வொன்றாய் எடுத்து நிமிர்த்தி நிமிர்த்தி விட்டாள். அவை மறுபடி சாய்ந்தன.

விருந்தாளிகளோடு வந்த ஜக்கரியா கரையில் நின்றுவிட்டார். என்னைத்தான் கேட்டார்.

“அவகிட்ட சொன்னியா இல்லையா?”

நான் வாயைத் திறப்பதற்குள் தண்ணீரிலிருந்து குரல் வந்தது. “சொன்னுச்சு சார். நாந்தான் அவசரப்பட்டுட்டேன்.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மறைத்தது தெரிந்துதான் சொன்னாள். அந்தப் பொய்யைக்கூட என்னைவிட நன்றாகச் சொன்னாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒன்னோடதையாச்சும் ஒழுங்கா விடு” என்றார் ஜக்கரியா.

முடிச்சை அவிழ்த்தேன். என் குஞ்சுகள் ஒன்றுகூடத் தயங்கவில்லை. செத்தவற்றுக்கு நடுவே புகுந்து கலங்கிய தண்ணீரில் அவளை நோக்கிப் போயின. கரையில் யாரோ கைதட்டினார்கள். சின்னத்தாய் இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஒன்றையும் மிதித்துவிடக் கூடாதென்று, அசையாமல் நின்றாள்.