எழுதிக் கொடுக்காத வசனம்

"இருங்க, இன்னொரு லாரி வருது" என்று ஹெட்போனை ஒரு காதில் அழுத்தியபடி மாதேஷ் கையைத் தூக்கினான். சத்தம் பதிவு செய்வது அவன் வேலை.

அத்திப்பள்ளிப் பக்கமிருந்து கிரானைட் கல் ஏற்றிய லாரி முக்கி முனகிக் கடந்து போனது. மூடிக்கிடந்த பழைய கம்பெனி கேட்டின் முன்னால் நீலக் கோட்டுப் போட்ட பெண்கள் வெயிலில் அசையாமல் நின்றார்கள். காலையிலிருந்து இந்த ஒரே காட்சிதான். லாரி ஓய்ந்தால் காகம் கத்தியது. காகம் ஓய்ந்தால் யாராவது ஒருத்தி சிரித்துத் தொலைத்தாள்.

முன்னால் நின்ற ரூபிதான் கதாநாயகி. மற்ற நாட்களில் அவள் ஓசூர் சிப்காட்டில் ஒரு வயரிங் கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. பின்னால் நின்றவர்களும் அதே கம்பெனி, அதே ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்திருந்தார்கள். நாகரசம்பட்டி சர்ச்சில் அவள் வேதம் வாசித்ததைக் கேட்டுவிட்டு டைரக்டர் ஸ்டெபின் விடாமல் துரத்திப் பிடித்திருந்தான். அவனும் கம்பெனிகளில் குப்பை கொட்டியவன்தான். வேலையை விட்டபோது வந்த பி.எஃப். பணத்தை அப்படியே படத்தில் போட்டிருந்தான். கேமராமேன் உமைர் கிருஷ்ணகிரியில் கல்யாண வீடியோ எடுப்பவன். கேரவன் என்று எல்லோரும் பெருமையாகச் சொன்னது அவனுடைய ஆம்னி வேனை. உடுப்புத் தைக்கக் காசில்லாததால் அவரவர் கம்பெனிக் கோட்டையே போட்டுவரச் சொல்லி, பாக்கெட்டின் மேலிருந்த கம்பெனிப் பேரை மருந்துக்கடை பிளாஸ்திரியால் மறைத்திருந்தார்கள்.

ரூபி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் பர்மனென்ட் ஆகப்போகிறவர்களின் லிஸ்டில் அவள் பெயர் இருந்தது. அப்பா படுத்துவிட்ட பிறகு வீடும், தம்பி எட்சனின் பாலிடெக்னிக் படிப்பும் அவள் தலையில்தான்.

"வேலைக்கு ஒண்ணும் வந்துராதேண்ணா?" என்று ஸ்டெபினிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாள்.

"சினிமாம்மா இது. சினிமாவுக்குப் போய் யாரு கோவிச்சுக்குவா?"

வேலைநிறுத்தக் காட்சியில் அவள் பேச வேண்டிய வசனத்தை ஸ்டெபின் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதியிருந்தான். உரிமை, உழைப்பு, வியர்வை என்று நிறைய இருந்தது. ரூபியின் வாயில் அது நுழைய மறுத்தது. கடைசியில் அவனே அலுத்துப்போய், "விடு. உனக்கு எப்பிடி வருதோ அப்பிடியே சொல்லு" என்றான்.

லாரி ஓய்ந்தது. உமைர் தலையசைத்தான்.

"பாத்ரூம் போக லைனுக்கு ஒரு டோக்கன்" என்று ரூபி தொடங்கினாள். "ஒருத்தி போய் வந்தாத்தான் அடுத்தவ போவணும். மாசத்துல அந்த நாளு டோக்கன் பாத்தா வருது? கறையோட நின்னு வயர் சொருவினோம். அன்னைக்கு ஒருத்தராவது என்னான்னு கேட்டாங்களா?"

மற்றவர்கள் பேசாமல் நிற்க வேண்டிய இடம் அது. ஆனால் பின்னாலிருந்து வஜிஹா, "கேக்கல!" என்றாள். அவள் ரூபிக்குப் பக்கத்து மெஷின். பிறகு எல்லோரும் கத்தினார்கள். "கேக்கல! கேக்கல!" ஸ்டெபின் கட் சொல்ல மறந்து வாயைப் பிளந்து நின்றான்.

முடிந்தபோது ரூபிக்குப் பயமில்லை, சந்தோஷம். இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்ததைத் துப்பிவிட்ட சந்தோஷம். இப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"ஏய், உன் பிளாஸ்திரி!" என்றாள் வஜிஹா.

வேர்வையில் அது நழுவி ஒரு முனையில் தொங்கியது. கம்பெனிப் பேர் பளிச்சென்று தெரிந்தது.

"இன்னொருக்கா எடுத்துரலாம்ணா."

"இது மறுக்கா வராது ரூபி. பேரைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கலாம்."

அவளுக்கும் அதை விட மனமில்லை. சரி என்றாள்.

அப்போதுதான் எதிர் டீக்கடையில் நின்றவரைப் பார்த்தாள். ஆட்களைக் கம்பெனிக்கு அனுப்பும் ஏஜென்சியின் சூப்பர்வைசர் ஆனந்தராஜ். போனை நெட்டுக்குத்தலாகப் பிடித்திருந்தார். அவள் பார்த்ததும் போனை இறக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"நல்லா பேசுன ரூபி. எல்லாம் நம்ம புள்ளைங்கதான் போலிருக்குது!"

திரும்பும்போது வேனில் எல்லோரும் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் லைனில் நின்றவளை ஹெச்.ஆர். அதிகாரி கூப்பிட்டனுப்பினார். ஏ.சி. அறையில் கதவோரம் ஆனந்தராஜ் கைகட்டி நின்றார்.

"கூத்கோம்மா, உக்காரு" என்றார் அதிகாரி. பெங்களூர்க்காரர்; தன்மையான குரல். மேசைமேல் போனில் அவள் முகம் உறைந்து நின்றது.

"பிளாஸ்திரி விழுந்துருச்சு சார். பேரை அழிச்சுருவாங்க சார்."

"பேரு கிடக்குது விடு. சினிமான்னு எனக்கும் தெரியும். இந்த டோக்கன் வசனம் டைரக்டர் எழுதினதா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஸ்டெபினுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்பார்.

"இல்ல சார். நானாத்தான் சொன்னேன்."

"நடிச்சிருந்தா நானே கைதட்டியிருப்பேன்மா. நீ நடிக்கவேயில்லையே." அவர் போனைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு விரலால் ஒரு முகத்தைப் பெரிதாக்கி மறுபடி அவள் முன் வைத்தார். வஜிஹா, வாய் திறந்தபடி. "பின்னாடி கத்தினவங்களுக்கும் யாரும் எழுதிக் குடுக்கல. இது யாரு? பேரு மட்டும் சொல்லிட்டுப் போய் வேலையப் பாரு. லிஸ்ட்டுல உன் பேரு அப்பிடியே இருக்கட்டும்."

ஆனந்தராஜுக்கு அத்தனை பேரையும் தெரியும். அவள் வாயால் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ரூபி எட்சனை நினைத்தாள். அடுத்த மாதத்தை நினைத்தாள்.

"தெரியல சார்."

"பக்கத்து மெஷின்ல நிக்கிறவளையா?"

"தெரியல சார்."

அவர் கோபப்படவில்லை. விரலால் அடுத்த முகத்துக்குத் தள்ளினார். அடுத்து இன்னொன்று. எல்லா முகமும் தீர்ந்ததும் ஆனந்தராஜைப் பார்த்துத் தலையசைத்தார்.

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அத்தனை பேரும் வெளியே இருந்தார்கள். கோட்டையும் அடையாள அட்டையையும் செக்யூரிட்டி வாங்கிக்கொண்டார். ஹாஸ்டலில் இருக்கும் பைகள் வண்டியில் வந்து சேரும், அதுவரைக்கும் இங்கேயே நிற்கச் சொன்னார்கள். கேட்டின் முன்னால் பெண்கள் கூட்டமாக வெயிலில் நின்றார்கள். வஜிஹா அழுதுகொண்டிருந்தாள். ரூபி வீட்டு நம்பரைப் போனில் எடுப்பதும் அணைப்பதுமாக இருந்தாள்.

டி.வி.எஸ். வண்டியில் போன ஒருவர் பிரேக் போட்டார்.

"ஷூட்டிங்காம்மா?"

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் கேமராவைத் தேடினார். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி, போனைத் தயாராகக் கையில் பிடித்துக்கொண்டு, ஆரம்பிக்கட்டும் என்று காத்து நின்றார்.