திரைக்கு வராத பதில்

வெனிலா திண்டிவனத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்த்தாள். மென்பொருள்களுக்குப் பயன்பாட்டுக் குறிப்பு எழுதுவது அவள் தொழில். அந்த மாதம் அவளிடம் வந்திருந்தது ஒரு கண்காணிப்புக் கருவி. இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போது பிரவுசர் மறுமுனைக் கணினியான சர்வரிடம் என்னென்ன கேட்கிறது, சர்வர் என்னென்ன அனுப்புகிறது என்பதையெல்லாம் அது ஒன்று விடாமல் பிடித்து வைக்கும். பிடித்ததைப் படிக்கப்போவது மனிதர்கள் அல்ல, ஏஐ ஏஜென்ட். பக்கத்தில் எங்கே சிக்கல் என்று கேட்டால் பதிவைப் பார்த்துச் சொல்லிவிடும்.

குறிப்புக்கு ஓர் உதாரணம் வேண்டியிருந்தது. நிறுவனம் கொடுத்த மாதிரிப் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடியதால் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. காலையிலிருந்தே அவள் இன்னொரு பக்கத்தையும் திறந்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது விழுப்புரத்துப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் பக்கம். கணவன் அடைக்கலராஜுக்குக் கழுத்தில் கட்டி வந்து, அதிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ‘முடிவு தயாராகவில்லை’ என்பதற்கு மேல் அந்தப் பக்கம் எதுவும் சொல்லவில்லை.

கருவியை அதில் ஓடவிட்டாள். மாதிரிப் பக்கத்தைத் தவிர வேறெதிலும் சோதிக்கக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி என்று தெரிந்தேதான் செய்தாள். இதில் முடிவு ஏன் வரவில்லை என்று ஏஜென்டிடம் கேட்டாள்.

பதில் உடனே வந்தது. சர்வர் முடிவை அனுப்பிவிட்டது, பக்கம்தான் காட்டாமல் மறைக்கிறது என்றது. கேட்காமலே அந்த முடிவையும் கீழே எடுத்துப் போட்டிருந்தது. நெறிக்கட்டியில் புற்றுநோய் என்று சந்தேகம். அடுத்த வரியில் ‘நிலை: வரைவு’ என்று இருந்தது. அது அவள் கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை.

மறுநாள் மகள் இசைவாணியைப் பள்ளியில் விட்டுவிட்டு, இருவரும் டாக்டரைப் பார்க்க பைக்கில் விழுப்புரம் கிளம்பினார்கள். அடைக்கலராஜ் காய்கறி வேன் ஓட்டுபவன். அன்றைக்கு வேனை எடுக்கவில்லை. வழியில் கூட்டேரிப்பட்டில் டீக்கு நிறுத்தினான்.

“நேத்திலேர்ந்து ஒரு மாதிரியா கீற. இன்னா?”

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். “ரிப்போர்ட்ட பாத்துட்டேங்க.”

“வரலன்னு சொன்னியே.”

“பேஜ்ல வரல. உள்ளுக்குள்ள வந்துக்கீது. கேன்சரா இருக்கும்னு போட்டுக்கீறாங்க.”

அவன் மீதி டீயையும் குடித்து முடித்தான். கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்தான்.

“பாப்பாவுக்குத் தெரிய வேணாம். ஏறு, நேரமாவுது.”

விக்கிரவாண்டி தாண்டி, ஓரமாக நின்றிருந்த லாரி ஒன்றை அவன் கவனிக்கவில்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்திய பிறகுதான் பிரேக் போட்டான். பைக் மண்ணில் இறங்கி, சரிந்து நின்றது. அடி எதுவும் படவில்லை. இருவரும் மறுபடியும் ஏறிக்கொண்டார்கள்.

டாக்டர் காந்திமதியின் மேஜையில் கையெழுத்தான ரிப்போர்ட் இருந்தது.

“பயப்பட ஒண்ணுமில்ல. டிபி கட்டி. ஆறு மாசம் மாத்திரைய விடாம சாப்பிட்டா சரியாயிடும்.”

“கேன்சர்னு…” என்று இழுத்தாள் வெனிலா.

“அது லேப்ல மொதல்ல பாத்தவர் எழுதின சந்தேகம். அங்க இருக்கற பெரிய டாக்டர் இன்னொரு டெஸ்ட் பண்ணிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாரு. அதுவரைக்கும் வெளிய விட மாட்டாங்களே, நீங்க எப்படிப் பாத்தீங்க?”

வெனிலா மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

வெளியே வந்து அடைக்கலராஜ் பைக்கில் உட்கார்ந்தான். ஸ்டார்ட் செய்யவில்லை.

“கூட்டேரிப்பட்டுலேர்ந்து இன்னா நெனச்சிக்கினு வந்தேன் தெரியுமா? நீ பாப்பாவ வச்சிக்கினு தனியா எங்க இருப்ப, உங்கண்ணன் சேத்துக்குவாரான்னு. அதுலதான் லாரி கண்ணுக்குத் தெரியல.”

“தப்புதாங்க.”

“அந்த மெஷினு பொய் சொல்லிச்சா?”

“இல்ல. இருந்ததத்தான் சொல்லிச்சு. இன்னும் முடியலன்னும் போட்டிருந்திச்சு. நாந்தான் அத மனசுல வாங்கல.”

அவன் பைக்கை ஸ்டார்ட் செய்தான். வரும் வழியில் மெதுவாகவே ஓட்டினான். கோபம் இன்னும் இருந்தது என்பது அவன் முதுகைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் வெனிலா தன் மேலாளர் புகழேந்திக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். குறிப்பில் ஓர் எச்சரிக்கை சேர்க்க வேண்டும் என்றாள்.

“நம்ம டூல்ல தப்பில்லையேம்மா,” என்றார் அவர்.

“இல்ல சார். ஆனா ஒரு பக்கம் எதையாவது மறைக்குதுன்னா அதுக்குக் காரணம் இருக்கலாம். ஏஜென்ட் அத மொதல்ல சொல்லணும். அரைகுறையா இருக்கறத முடிவுன்னு எடுத்து நீட்டக் கூடாது.”

எச்சரிக்கையைச் சேர்க்க அவர் ஒப்புக்கொண்டார். விதியை மீறியதற்காக அவளுக்குக் கண்டன மெயில் ஒன்றும் வந்தது. அவள் அதற்கு மறுப்பு எழுதவில்லை. பரிசோதனைக் கூடத்துக்கும் பக்கத்தின் ஓட்டையைச் சொல்லி எழுதினாள். பதில் வரவில்லை என்றாலும் சில நாளில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

அடைக்கலராஜ் மாத்திரை ஆரம்பித்த முதல் நாள் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தான். சிறுநீர் செக்கச்செவேலென்று போகிறதாம்.

“அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போவுமாம்,” என்றாள் கதவுக்கு வெளியே நின்று.

“யாரு சொன்னாங்க?”

“டாக்டரம்மா.”

“அவுங்க வாயால சொன்னாங்களா?”

“அவுங்க வாயாலதாங்க.”

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.