வாசலில் கழற்றிய சப்பாத்து

சாப்பாட்டு மண்டபத்துக்கு வராதவர்களுக்குச் சாப்பாடு இல்லை என்று சமையல்காரர் ஆ செங் மறுபடியும் சொல்லிவிட்டார். அம்பிகைபாகன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். குளுவாங் ரயில்வே அலுவலகத்தில் தலை நரைக்கும் வரை கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தும், மேலே இருப்பவன் போட்ட விதி ஒன்றையும் மீறியறியாத மனிதர் அவர். அப்படிப்பட்டவர் வெட்கத்தை விட்டு, மனைவிக்கு ஒரு தட்டுச் சோற்றை அறைக்குக் கொண்டுவர முடியுமா என்று தனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினார். "தாக் போலே, துவான்" என்று, முடியாது ஐயா என்பதை மலாயில் சொல்லி ஒரேயடியாக மறுத்த ஆ செங், சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த அச்சுத்தாளைக் காட்டினார். அறைக்குச் சாப்பாடு கிடையாது. வெறுங்காலோடு மண்டபத்துக்குள் வரக்கூடாது. வராந்தாவில் சாமான் வைக்கக்கூடாது. அறையில் அடுப்பு மூட்டக்கூடாது. மெர்சிங் கடற்கரையில் அந்த அரசாங்க ரெஸ்ட் ஹவுஸைக் கட்டியவர்கள், மூச்சு விடலாமா கூடாதா என்பதை மட்டும்தான் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

அவர் அங்கே வந்ததே அன்னபாக்கியம் நாலு வாய் சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான். டைஃபாய்டு என்கிற நெருப்புக் காய்ச்சல் அவளை அடித்துப் போட்டிருந்தது. பிழைத்ததே பெரிய காரியம். ஆனால் முழங்கால் வரை தொங்கிய கூந்தலை ஆஸ்பத்திரியில் ஒட்ட வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து முந்தானையைத் தலையில் இறுகச் சுற்றிக்கொண்டு ஒரு மூலையில் குந்தியவள்தான். கட்டின புருஷனுக்குக்கூட அந்தத் தலையைக் காட்டவில்லை. சோற்றைப் பிசைவாள், கையைக் கழுவுவாள். கடற்காற்று பட்டால் பசியெடுக்கும் என்று டாக்டர் சொன்னதும் அம்பிகைபாகன் தன் அலுவலகத் துரையின் காலைப் பிடிக்காத குறையாகச் சிபாரிசு வாங்கி, பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார். வந்த இடத்தில் இப்படி.

"கொஞ்சம் வாருமன் அன்னம். ரெண்டு வாய் சாப்பிட்டிட்டு ஓடி வந்திடுவம்."

"நான் வரேல்லை. நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ."

"உம்மை விட்டிட்டு நான் என்னெண்டு சாப்பிடுறது?"

"இந்தத் தலையோட வந்து சபையில இருந்தா, பாக்கிறவை என்ன நினைப்பினம்? புருசன் செத்தவள் எண்டெல்லோ நினைப்பினம். நீங்கள் பக்கத்தில குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்கை!"

அவரும் சாப்பிடவில்லை. அந்த மத்தியானம் இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு படுத்தார்கள். பயணக் களைப்பில் கண் அசந்தும் போனது. பின்னேரம் விழித்து, ஒரு கோப்பை தேநீராவது குடித்து வரலாம் என்று கதவைத் திறந்தால், சப்பாத்தைக் காணோம். வரும் வழியில் காஹாங் பக்கம் பஸ் சேற்றில் புதைந்தபோது இறங்கித் தள்ளியதில் அப்பிய செம்மண்ணோடு, வீட்டில் செய்கிற பழக்கத்தில் அறை வாசலில் கழற்றி வைத்த சப்பாத்து. பக்கத்தில் இருந்த அவளுடைய செருப்பும் இல்லை.

அம்பிகைபாகன் வராந்தாவை இரு பக்கமும் எட்டிப் பார்த்தார். வராந்தாவில் சாமான் வைக்கக்கூடாது என்று அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தும் வைத்தோமே, பறிமுதல் செய்துவிட்டார்களே! இனி வெறுங்காலோடு மண்டபத்துக்குள்ளும் போக முடியாது. துரையிடம் புகார் போனால் மானம் கப்பலேறிவிடும். கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"விடும் அன்னம். நாளைக்குக் காலமை பஸ்ஸுக்குப் போயிடுவம். எனக்குப் பசியும் இல்லை."

அன்னபாக்கியம் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒட்டிக் கிடந்த வயிற்றைப் பார்த்தாள். "ஆருடைய சப்பாத்தை ஆர் எடுக்கிறது?" என்று எழுந்தாள். அவர் வாயைத் திறக்குமுன் வராந்தாவைத் தாண்டி, தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைத் தாண்டி, மண்டபத்தின் நட்டநடுவே வெறுங்காலோடு விறுவிறுவென்று நடந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். துரத்திக்கொண்டு ஓடிய அம்பிகைபாகன் மண்டப வாசலில் தன் வெறுங்காலைப் பார்த்துத் தயங்கினார். பிறகு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார். பயந்தாங்கொள்ளி மனுஷன், என்ன செய்வது!

சமையற்கட்டு முற்றத்தில் ஆ செங் முக்காலியில் குந்தியிருந்தார். எதிரே அன்னபாக்கியம் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வெக்கமில்லையே? அந்த மனுசன் பச்சைத்தண்ணி பல்லில படாமல் கிடக்குது. சோத்தையும் தரமாட்டன் எண்டுறாய், சப்பாத்தையும் ஒளிச்சு வைக்கிறாய்!"

யாழ்ப்பாணத்துத் தமிழ் ஒரு சொல்லும் விளங்காத ஆ செங், கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்து, சப்பாத்து ஒன்றைத் தூக்கிக் காட்டினார். முகம் பார்க்கலாம் போல மின்னியது. அடுத்து, வாங்கின நாள் முதல் மண்ணிறமாக இருந்த அவளுடைய செருப்பைப் பெருமையோடு நீட்டினார். அதற்கும் கறுப்புப் பாலிஷ். கன்னங்கரேலென்று இருந்தது. வாசலில் வைத்தால் மினுக்கத்தானே வைக்கிறார்கள், எல்லாத் துவான்களும் அப்படித்தானே என்று மலாயில் சொல்லி, என்ன குற்றம் செய்தோம் என்று விழித்தார்.

அம்பிகைபாகன் அதைத் தமிழில் சொன்னார். அன்னபாக்கியம் செருப்பைப் பார்த்தாள், ஆ செங்கைப் பார்த்தாள். "ஐயோ, எங்கட வீட்டில மண் வரக்கூடாதெண்டெல்லோ வாசல்ல கழட்டுறது!" என்றவளுக்குச் சிரிப்புப் பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். முந்தானை எப்போதோ தோளில் சரிந்து கிடந்தது. விரல் கடை உயரத்துக்குச் சுருள் சுருளாக முடி, கீரைப் பாத்தி போல மண்டி வளர்ந்திருந்தது. அம்பிகைபாகன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்பாடா, இவள் பிழைத்துவிட்டாள் என்று இருந்தது அவருக்கு. அவள் பிழைத்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோதுகூட அவர் அதை நம்பவில்லை.

மின்னும் காலோடு இரண்டு பேரும் மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஆ செங் கேளாமலே தேநீரும், காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். ஜன்னல் வழியே காற்று வந்தபோதுதான் அன்னபாக்கியத்துக்குத் தலை குளிர்ந்தது. திடுக்கிட்டு முந்தானையைப் பற்றினாள். பற்றிய கை அப்படியே நின்றது. அவள் பார்வை அடுத்த மேசைக்குப் போயிருந்தது. அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் முடி, காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தது. கழுத்து முழுதும் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ" என்று கணவர் பக்கம் சாய்ந்தாள். "பாவம், அந்த மனுசிக்கும் நெருப்புக் காய்ச்சல் வந்து இப்பதான் எழும்பியிருக்கிறா போல. புருசன் பக்கத்தில இருக்கிறார். அவ ஒண்டையும் மூடேல்லை, பாருங்கோ."

சீமையில் இப்போது அதுதான் நாகரிகம் என்று அம்பிகைபாகனுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தவர், அவசரமாகத் தேநீரை எடுத்து அந்த வாயில் ஊற்றிக்கொண்டார். அன்னபாக்கியத்தின் கை முந்தானையை விட்டு ரொட்டித் தட்டுக்குப் போனது. விரலில் வழிந்த காயாவை நக்கிக்கொண்டே அவள் அடுத்த துண்டை எடுத்தாள்.