அழுகாத தோல்

ஜூஸ் கடைகள் தூக்கி எறியும் ஆரஞ்சுத் தோலிலிருந்து கண்ணாடி மாதிரித் தாள் செய்யலாம் என்று சின்னவள் சொன்னபோது குடும்பமே சிரித்தது. “நம்ம சின்னது குப்பையிலயே குடித்தனம் பண்ணப் போகுது” என்றார் சித்தப்பா. அக்கா மட்டும்தான் சிரிக்கவில்லை. “அவ ஒண்ணப் பிடிச்சா உடும்புப்பிடி. செஞ்சு காட்டுவா, பாருங்க” என்று எல்லோர் வாயையும் அடைத்தாள்.

அம்மா போனபிறகு சின்னவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். வேதியியல் படிக்க வைத்ததும் அவள்தான். அதனால் தங்கை தொழில் தொடங்கியதும் கேட்காமலே வந்து தோள் கொடுத்தாள்.

ஒரு பழைய அச்சகத்தை வாடகைக்குப் பிடித்துப் பட்டறை ஆக்கினார்கள். கோழித் தீவனத்தில் சேர்க்கிற ஓர் உப்பையும் எலுமிச்சையில் இருக்கிற அமிலத்தையும் ஒரு பாத்திரத்தில் போட்டு இளஞ்சூட்டில் கிளறுவாள் சின்னவள். இரண்டும் வெள்ளைத் தூள்தான். கிளறக் கிளற ஒன்றை ஒன்று இளக்கிக்கொண்டு தேன் மாதிரித் திரவமாகிவிடும். அதுதான் அவளுடைய கரைப்பான். பெட்ரோலியத்திலிருந்து செய்த கரைப்பான்களைப்போல மூக்கை எரிக்காது, தீப்பிடிக்காது, வடிகட்டித் திரும்பவும் பயன்படுத்தலாம். அதில் தோலை ஊறவைத்தால் ஜாமைக் கெட்டியாக்கும் பசைச்சத்து பிரிந்து வரும். அதைத் தட்டில் ஊற்றிக் காயவைத்து உரித்தால் தாள்.

தோலைக் கடை கடையாகப் போய் வேனில் அள்ளிவருவது அவள் கணவனின் வேலை. பட்டறை இருந்த தெருவின் கோடியில் அக்கா வீடு. அங்கே இறக்கியதும் அக்கா கழுவி, பொடியாக நறுக்கி, மூட்டையாகக் கட்டிப் பட்டறைக்கு அனுப்புவாள்.

கணக்கெல்லாம் சரி, தாள்தான் சரியாக வரவில்லை. பழுப்பேறிக் காய்ந்த இலைபோல் நொறுங்கியது. வாங்குவதாகச் சொன்ன சோப்புக்காரம்மா, “சோப்பைச் சுத்துறதுக்குள்ள கிழியுதே, இதை வெச்சு நான் என்ன பண்றது?” என்று திருப்பி அனுப்பினார். சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை. யார் பேசினாலும் எரிந்து விழுந்தாள். கரைப்பானின் அளவை மாற்றினாள், தண்ணீரைக் குறைத்தாள், சூட்டைக் கூட்டினாள்.

திடீரென்று ஒருநாள் தாள் வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. மடித்தாள், முறுக்கினாள், கிழியவில்லை. தெருவென்றும் பாராமல் ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். “அளவுலதான்க்கா இருந்திருக்கு சூட்சுமம்! பிடிச்சுட்டேன்!”

“எனக்குத் தெரியும்டி” என்று அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அதன்பிறகு ஒரு தட்டுகூடப் பழுதாகவில்லை. சோப்புக்காரம்மா வாய்மூடாமல் புகழ்ந்தார். ஒரு கல்லூரியில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். தன் கரைப்பானின் புதிய அளவுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று மேடையில் விளக்கப்படம் போட்டுச் சொன்னாள். முன்வரிசையில் அக்காவும் சின்னவளின் கணவனும் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினார்கள்.

பக்கத்துத் தச்சர் வந்து நின்றது அதற்குப் பிந்திய ஒரு மதியவேளை.

“தப்பா நினைக்காதீங்கம்மா. என் பட்டறை ஓரமா போற சாக்கடையில ஈயும் குளவியும் மொய்க்குது. வேலைக்காரப் பையனைக் கொட்டிடுச்சு. உங்க மருந்துத் தண்ணி ஏதாவது விடுறீங்களா?”

“நாங்க ஒரு சொட்டுக்கூட வெளிய விடுறதில்லையே” என்று சொல்லிக்கொண்டே அவளும் கூடப்போனாள். சாக்கடை ஓரம் பிசுபிசுவென்றிருந்தது. குனிந்து முகர்ந்தாள். பழச்சாறு. எங்கிருந்து வருகிறதென்று பார்த்துக்கொண்டே நடந்தாள். அது அக்கா வீட்டுப் பின்சுவரில் போய் நின்றது.

பின்கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பெட்டி பெட்டியாக ஆரஞ்சு. ஒவ்வொரு பழத்திலும் மொத்தக்கடை ஸ்டிக்கர்கூட உரியாமல் பளபளத்தது. முக்காலியில் அக்கா உட்கார்ந்து கத்தியால் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். தோல் இழந்த பழங்கள் தொட்டியில் மலையாகக் கிடந்தன. சின்னவளின் கணவன் அவற்றை மிதித்து நசுக்கி, வாளியில் அள்ளி, சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

முதலில் பார்த்தவன் அவன்தான். வாளி கையில் அப்படியே நின்றது.

“எவ்வளவு நாளா?” என்று கேட்டாள் சின்னவள்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். “உக்காருடி. சொல்றேன்.”

“நான் நின்னுக்கிறேன். சொல்லு.”

“கடைத்தோல் வர்றதுக்குள்ள மூட்டையிலயே பூசணம் பிடிச்சுடுது. எவ்வளவு கழுவினாலும் நாத்தம் போகல. நீ வேற சாப்பிடாம கொள்ளாம கிடந்தே. ஒரே ஒரு மூட்டை நல்ல தோலாப் போட்டுப் பார்ப்போம், உனக்கு ஒரு தெம்பு வரட்டும்னு...”

“அன்னிக்கு ஓடி வந்தேனே. அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?”

“உன் முகத்தைப் பார்த்தப்புறம் எப்படிடி சொல்றது?”

“இத்தனை பழத்தை ஏன் கொட்டுறீங்க? யாருக்காவது குடுத்தா என்ன?”

அதற்குச் சின்னவளின் கணவன் பதில் சொன்னான். “முதல்ல அக்கம்பக்கம் குடுத்தோம். தினமும் ஏது இவ்வளவு பழம்னு கேக்க ஆரம்பிச்சாங்க. உன் காதுக்கு வந்துடுமோன்னு நிறுத்திட்டோம்.”

குப்பையைப் பொருளாக்கப் புறப்பட்டவளின் வீட்டில், அவளுக்குத் தெரியக்கூடாதென்று நல்ல பழம் குப்பையாகிக்கொண்டிருந்தது.

“மேடையில நான் பேசினதெல்லாம் பொய்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் முன்வரிசையில உக்காந்து கை தட்டினீங்க.”

“உனக்காகத்தானடி” என்று அழத் தொடங்கினாள் அக்கா.

“எனக்காகன்னா சொல்லியிருக்கணும்க்கா. புதுத்தோல்ல தாள் நல்லா வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தப்பு என் கரைப்பான்ல இல்ல, தோல் அழுகுறதுலதான்னு அன்னிக்கே புரிஞ்சிருக்கும். நான் ராப்பகலா தேடின பதிலை உன் முந்தானைக்குள்ள முடிஞ்சு வெச்சுட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கே.”

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கணவன் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தான். அவள் காதில் ஏறவில்லை. அவன் வேனிலிருந்து இறங்கி, “அப்பாடா, இன்னிக்குப் பத்துக் கடை அலைஞ்சேன்” என்று சொல்லும்போதெல்லாம் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததை நினைத்தாள். உடம்பு கூசியது.

மறுநாள் சோப்புக்காரம்மாவிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவராவது பதறுவார் என்று நினைத்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“சரக்கு நல்லா இருக்கில்ல? ‘வீணான தோலில் செய்தது’ன்னு பெட்டி எல்லாம் அச்சடிச்சாச்சு. இது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும்மா. ஏன் ஊரைக் கூட்டுறே?”

ஆக, உண்மை யாருக்குமே வேண்டியிருக்கவில்லை. அந்த வியாபாரத்தை அன்றோடு வெட்டிக்கொண்டாள். கல்லூரிக்கும் எழுதினாள், தான் சொன்ன முடிவு தவறென்று.

கொஞ்சநாள் பட்டறை பூட்டிக் கிடந்தது. பிறகு சின்னவள் தானே ஜூஸ் கடைகளுக்குப் போனாள். தோல் பட்டறைக்கு வருவதற்குள் அழுகுகிறது என்றால், கரைப்பான் கடைக்குப் போகட்டும். மூடிபோட்ட பிளாஸ்டிக் டிரம்மில் கரைப்பானை ஊற்றிக் கல்லாவுக்குப் பின்னால் வைத்தாள். பிழிந்த சூட்டோடு தோலை அதற்குள் போடச் சொன்னாள். அந்தப் புளிப்பில் பூசணம் தலைகாட்டவில்லை. தாள் முன்போலக் கண்ணாடியாக வரவில்லை, லேசாக மஞ்சள் பாய்ந்திருந்தது. ஆனால் கிழியவில்லை. விதை விற்பவர் ஒருவர், “மண்ணுக்குள்ள போறதுக்கு நிறம் எதுக்கு?” என்று விதைப்பொட்டலம் போட எடுத்துக்கொண்டார்.

டிரம்களை ஏற்றிவர வாடகை வண்டி பேசிக்கொண்டாள். கணவன், “வேன் சும்மாதானே நிக்குது?” என்றான். “நிக்கட்டும்” என்றாள்.

ஒரு மாலையில் அக்கா பட்டறைக்கு வந்தாள். ஆள் இளைத்திருந்தாள். காய்கிற தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “நல்லா வந்திருக்குடி” என்றாள்.

சின்னவளுக்கு அது புகழ்ச்சியாகவே படவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று அக்காவின் முகத்தைத் துழாவினாள். வாழ்நாளில் அப்படிப் பார்த்ததே இல்லை. அக்காவுக்கும் அது புரிந்துவிட்டது.

“இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி? நான் என்ன உனக்கு எதிரியா?”

“எதிரி செஞ்சிருந்தா ரெண்டு நாள் திட்டித் தீர்த்துட்டு மறந்திருப்பேன்க்கா. நீ செஞ்சதுதான் ஆறல.”

சின்னவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னாள். காபி வேண்டுமா என்று கேட்டாள். அக்கா வேண்டாமென்று தலையசைத்தாள். அடுப்பில் தூள் இளகத் தொடங்கியிருந்தது. சின்னவள் எழுந்துபோய், முதுகைக் காட்டி நின்று, கிளற ஆரம்பித்தாள்.